வீட்டுக் கோப்புச் சேர்வரும் மூடிய கதவுகளும்

இங்கிலாந்தில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில், மாடிப்படிக்குக் கீழே உள்ள சிறு அலமாரியில், பழைய சப்பாத்துகளுக்கும் குடைகளுக்கும் பக்கத்தில், கறுப்புப் பெட்டி ஒன்று மெல்லிய இரைச்சலுடன் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த புகைப்படங்கள், கசெட்டிலிருந்து பதிந்தெடுத்த பாட்டனாரின் குரல், திருமண வீடியோக்கள், காணி உறுதிகளின் பிரதிகள், பிள்ளைகளின் முதல் நாள் பள்ளிக்கூடப் படம் எல்லாம் அதற்குள் அடக்கம். இவற்றின் மூலங்களிற் பல இன்று இல்லை. கசெட் நாடாக்கள் பூஞ்சணம் பிடித்துப் போயின. அல்பங்கள் சில 1983இலும் அதற்குப் பின்னரும் வீடு வாசலை விட்டு ஓடிய வேளையில் கைவிடப்பட்டன. ஆகவே பல குடும்பங்களுக்கு அந்தப் பெட்டியில் இருப்பதே இன்று மூலம்.

இந்தப் பெட்டியைக் கோப்புச் சேர்வர் என்கிறார்கள். கடையில் வாங்கிய சேமிப்புப் பெட்டியாகவும் இருக்கலாம். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஆக்கியதாகவும் இருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு நாள் திறக்க மறுக்கும். விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கும், அல்லது இணையக் கம்பெனி புது ரவுட்டர் அனுப்பியிருக்கும், அல்லது வீட்டுக்குப் புது மடிக்கணினி வந்திருக்கும். வீட்டார் விடுமுறைக்கு வந்திருக்கும் உறவுக்காரப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஃபயர்வாலை அணைத்துவிடுவார். உடனே படங்கள் திறக்கும், எல்லோருக்கும் மகிழ்ச்சி, தேநீர் குடித்துவிட்டு அவர் இரயிலேறிப் போய்விடுவார். ஃபயர்வால் மட்டும் அன்று அணைந்தது அணைந்தபடியே ஆண்டுக்கணக்காக இருக்கும்.

சோதனைக்காக ஒரு நிமிடம் அணைத்துப் பார்ப்பதில் குற்றமில்லை. தடை எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அதன்பின் ஃபயர்வாலை மீண்டும் போட்டு, வேண்டிய ஒரு கதவை மட்டும், வேண்டியவர்களுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். அந்தக் கதவு எது என்று அறிவதே இங்கு விஷயம்.

இணைப்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் முகவரி ஒன்று உண்டு. வீட்டுக்குள் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அந்த ஒரே முகவரிக்குள் 1 முதல் 65,535 வரை இலக்கமிட்ட கதவுகள் இருக்கின்றன. இவற்றையே போர்ட் என்கிறார்கள். கோப்புகளைப் பகிர விண்டோஸ் கையாளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர், அதன் கதவு 445. பழைய காலத்துக் கணினிகள் 137, 138, 139 ஆகியவற்றையும் உபயோகித்தன. இக்காலத்துக் கணினிகளுக்கு 445 ஒன்றே போதும். கடையில் விற்கும் சேமிப்புப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குள் இந்த வேலையைச் செய்வது சாம்பா என்னும் மென்பொருள். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் மாணவராக இருந்த அண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது அது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் வரும் சொல் ஒன்றை அகராதியில் தேடியபோது அகப்பட்ட பெயராம். நடனத்துக்கும் அதற்கும் தொடர்பு ஏதும் இல்லை.

கோப்பு திறக்கவில்லை என்றதும் ஃபயர்வாலின் மேல் பழிபோடுவது வழக்கம். அதற்கு முன் முகவரியைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பாதி முறைப்பாடுகள் அங்கேயே முடிந்துவிடும். ரவுட்டர் தன் கீழ் உள்ள கருவிகளுக்கு முகவரிகளைத் தற்காலிகமாகவே வழங்குகிறது. மின்சாரம் போய் வந்தபின், அல்லது ரவுட்டர் மாறியபின், நேற்று 192.168.1.20 ஆக இருந்த சேர்வர் இன்று 192.168.1.34 ஆகியிருக்கலாம். கணினியோ பழைய இலக்கத்தையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் பக்கத்தில் சேர்வருக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவைத்தால் இந்தத் தொல்லை தீரும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குமானால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே ஃபயர்வாலைக் கிண்டிப் பயனில்லை. விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கும் தொலைபேசி வீட்டுச் சேர்வரைக் காணாது, காணவும் கூடாது. கம்பெனி தந்த ரவுட்டரின் பின்னால் சொந்தமாக வாங்கிய இன்னொரு ரவுட்டரையும் மாட்டியிருப்பவர்கள், சேர்வர் ஒன்றின் கீழும் கணினி மற்றதன் கீழும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகவரி சரியென்றால் அடுத்தது கதவு. விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்னும் கட்டளைக்குச் சேர்வரின் முகவரியையும் போர்ட் 445 என்பதையும் கொடுத்தால், கதவு திறக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். இல்லை என்று வந்தால், அந்த இல்லை எப்படி வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தட்டியவுடன் உள்ளேயிருந்து மறுப்பு வருவது ஒரு விதம். அப்படியானால் இயந்திரம் விழித்திருக்கிறது, பாதையும் சரி, ஆனால் அந்தக் கதவின் பின்னால் ஒருவரும் இல்லை; அதாவது சாம்பா ஓடவில்லை. இருபது விநாடி போலக் காத்திருந்தும் ஓசையே வராமல் ஓய்ந்துபோவது மற்ற விதம். அப்படியானால் இடையில் ஒரு ஃபயர்வால் தட்டிய ஓசையை விழுங்கிவிட்டது, அல்லது அந்த முகவரியில் எவருமே இல்லை. இந்த வேறுபாட்டை அறிந்தவர் ஒரு மணி நேர வேலையைப் பத்து நிமிடத்தில் முடிப்பார். ஒன்றை மறக்கக்கூடாது: லினக்ஸ் சேர்வர்களிடமும் சேமிப்புப் பெட்டிகளிடமுமே இது செல்லும். விண்டோஸ் கணினியே சேர்வராக இருந்தால், அதன் ஃபயர்வால் ஆளில்லாத கதவுக்கும் மௌனமே சாதிக்கும். பிங் அடித்துப் பதில் வரவில்லை என்பதைக் கொண்டும் இயந்திரம் செத்துவிட்டது என்று தீர்மானிக்க முடியாது. பிங்குக்குப் பதில் சொல்லாதபடி ஃபயர்வால் தடுத்திருக்கலாம்.

மறுப்பு வந்தால் சேர்வரிடமே போய்ப் பார்க்க வேண்டும். லினக்ஸில் எஸ்.எஸ். என்னும் இரண்டெழுத்துக் கட்டளை, எந்தெந்தக் கதவில் எந்தெந்த நிரல் காத்திருக்கிறது என்று காட்டும். 445 அந்தப் பட்டியலில் இல்லையென்றால் சாம்பாவைத் தொடங்க வேண்டும். 445 இருந்தும் அதன் முன்னால் 127.0.0.1 என்று நின்றால், அது தன் வீட்டுக்குள் தானே பேசிக்கொள்கிறது. வெளியாருக்குச் செவி கொடுக்கவில்லை. சாம்பாவின் அமைப்புக் கோப்பில் குறிப்பிட்ட ஒரு முகவரியில் மட்டும் கேள் என்று எழுதிவைத்து, பிற்பாடு அந்த முகவரி மாறிவிட்டாலும் இதே போன்ற கோளாறு வரும்.

மௌனம் வந்தால் ஃபயர்வாலின் முறை. சேர்வர் விண்டோஸ் கணினியானால், முதலிற் பார்க்க வேண்டியது அந்த இணைப்பு பொது என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, தனியார் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை. விண்டோஸ் 11 புது இணைப்பு எதையும் பொது என்றே எடுத்துக்கொள்கிறது. விமான நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் அது சரியான எச்சரிக்கை. வீட்டிலோ புது ரவுட்டர் வந்தவுடன் அதுவும் முன்பின் அறியாத இணைப்பாகி, கோப்புப் பகிர்வின் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. வீட்டு இணைப்பைத் தனியார் என்று மாற்றினால், ஃபயர்வாலில் வேறெதையும் தொடாமலே பெரும்பாலும் காரியம் ஆகிவிடும். வேறு கம்பெனியின் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் போட்டிருப்பவர்கள், அதற்குத் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலில் எவ்வளவு திறந்தாலும் அது அசையாது. அலுவலக மடிக்கணினியில் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் இருக்கும் சேர்வரைக் கூட அது மறைத்துவிடலாம். அலுவலகத்தார் வேண்டுமென்றே அப்படி அமைத்திருப்பார்கள். அதைச் சரிசெய்ய முயலாமல் வேறு கணினியில் படம் பார்ப்பதே மரியாதை.

கதவு திறக்கிறது, ஆனாலும் கோப்பு வரவில்லை என்றால் அது ஃபயர்வாலின் வேலையன்று. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு. கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழைவதை அது மறுக்கிறது. கோப்புப் பரிமாற்றத்தில் கையொப்பச் சோதனையையும் கட்டாயமாக்கிவிட்டது. வீட்டுக்குள்தானே, கடவுச்சொல் எதற்கு என்று பெட்டியைத் திறந்தபடி வைத்திருந்த வீடுகளில் எல்லாம் இதனாற் படங்கள் காணாமற் போயின. பலர் போர்ட்டையும் ஃபயர்வாலையும் வீணே தோண்டினார்கள். பழைய தளர்வை மீட்டுக்கொடுக்கும் குறுக்கு வழிகள் உண்டு. அவற்றை நாடுவதைக் காட்டிலும், சேர்வரில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்படுத்திக் கொடுப்பது நல்லது. அரை மணி நேர வேலை.

விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் சேர்வரின் பெயர் தெரியவில்லை என்று சிலர் கவலைப்படுவதுண்டு. பட்டியலில் தெரிவது வேறு, திறப்பது வேறு. பெயரைக் கண்டுபிடித்துத் தருவது 3702, 5353 போன்ற பிற கதவுகளின் பணி. கோப்புச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளும் சேர்வரின் முகவரியும் அடித்தால் திறக்கிறது என்றால், பட்டியலை மறந்துவிட்டு அதற்கு ஒரு குறுக்குவழிப் படம் வைத்துக்கொண்டால் போதும். ஐபோன் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், வீட்டு இணைப்பில் உள்ள கருவிகளைத் தேட ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியவர்கள் அமைப்புப் பகுதிக்குச் சென்று மாற்றிக்கொள்ளலாம்.

லினக்ஸ் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உபுண்டுவின் யூ.எஃப்.டபிள்யூ. என்னும் ஃபயர்வாலில் 445ஐத் திறக்கும்போது, எல்லோருக்கும் என்று திறக்காமல் 192.168.1.0/24 போன்ற சொந்த வீட்டு முகவரிகளுக்கு மட்டும் என்று எழுதலாம், ஒரே வரிதான். திரை இல்லாமல் அலமாரிக்குள் இருக்கும் இயந்திரத்தில் இந்த ஃபயர்வாலை முதன்முறை இயக்குமுன் 22ஆம் கதவைத் திறந்துவைப்பது அவசியம். தூரத்திலிருந்து இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். அவ்வழியே வருகிறது. மறந்தால் திரையையும் விசைப்பலகையையும் அலமாரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். (எஸ்.எஸ்.எச்.சை 1995இல் ஆக்கிய பின்லாந்துக்காரர் தாத்து யூலோனன், 21க்கும் 23க்கும் இடையே 22 வெறுமையாக இருக்கக் கண்டு, அதைத் தரும்படி எழுதிக் கேட்டுப் பெற்றார். அந்தக் காலம் அப்படி.) ஃபெடோரா போன்றவற்றில் இருக்கும் ஃபயர்வால்-டி என்பதில், நிரந்தரமாக என்ற சொல்லைச் சேர்க்காமல் திறந்த கதவு இயந்திரம் மறுமுறை தொடங்கும்போது மூடிக்கொள்ளும். நேற்று வேலை செய்தது, மின்சாரம் போய் வந்தபின் செய்யவில்லை என்றால் இதை ஐயுறலாம். டாக்கர் என்னும் மென்பொருளின் வழியே நிரல்கள் ஓட்டுபவர்கள் எதிர்ப்புறமான அபாயத்தைக் கவனிக்க வேண்டும். அது வெளியிடும் கதவுகள் யூ.எஃப்.டபிள்யூ. விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்த் திறந்துவிடும். ஃபயர்வால் மூடியிருக்கிறது என்று சொல்லும், கதவோ திறந்திருக்கும்.

இதுவரை சொன்னவை வீட்டுக்குள் நடப்பவை. அவற்றில் தவறினாற் படம் பார்க்க முடியாமற் போகும், அவ்வளவே. ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் தங்கை, அப்பாவின் குரலை எங்களுக்கும் கேட்க வழி செய்யுங்கள் அண்ணா என்று கேட்கும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் என்றொரு பகுதி உண்டு. வெளியுலகிலிருந்து 445க்கு வருவதை உள்ளே சேர்வருக்கு அனுப்பு என்று அங்கே எழுதிவிட்டால், தங்கைக்குக் கதவு திறக்கும். உலகம் முழுவதற்கும் அதே கதவு திறக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2017 மே 12 வெள்ளிக்கிழமை வானாக்ரை என்னும் புழு பரவியது இந்த 445ஆம் கதவு வழியாகவே. இந்நாட்டின் தேசிய சுகாதார சேவையில் நம்மவர் பலர் வைத்தியர்களாகவும் தாதியராகவும் பணிபுரிகிறார்கள். அன்று மருத்துவமனைக் கணினிகள் உறைந்து நின்றதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் 236 சுகாதார அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் அந்த ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச் 14இலேயே, வெளியிட்டுவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இணையத்தை நோக்கிய ஃபயர்வால்களைச் சரிவரக் கவனித்திருந்தாலும் தப்பியிருக்கலாம் என்று அதே அறிக்கை குறிப்பிடுகிறது.

பெரிய நிறுவனங்களுக்குத்தானே என்று இருந்துவிடவும் முடியாது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்பது கியூநாப் கம்பெனியின் சேமிப்புப் பெட்டிகளைத் தேடித் தேடிப் புகுந்து, கோப்புகளைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, 0.01 பிட்கொயின் கேட்டது. பணம் படைத்தவரிடம் பெருந்தொகை கேட்கும் திருட்டன்று அது. குடும்பப் படத்துக்கு ஒரு வீட்டுக்காரர் எவ்வளவு கொடுப்பார் என்று கணக்குப் போட்ட திருட்டு. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்னும் பழைய பெட்டிகள், இணையத்திலிருந்து எவரோ அனுப்பிய கட்டளையால் ஒரே நாளில் தம்மைத்தாமே துடைத்துக்கொண்டன. பெட்டியை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள் என்று கம்பெனி அறிவித்தபோது பலருக்குக் கழற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பெட்டிகளுக்குக் கடைசியாகத் திருத்தம் வந்தது 2015இல். இவ்விரண்டு முறையும் புகுந்த வழி 445 அன்று, பெட்டியின் வேறு சேவைகள். ஆகவே 445ஐ மட்டும் மூடிவிட்டுப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைப்பதாற் பயனில்லை. கதவின் இலக்கத்தை 44500 என்று மாற்றி ஒளித்துவிட்டோம் என்று எண்ணுபவர்களும் உண்டு. எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல்களுக்கு அந்த மாற்றம் பெரிதன்று.

தங்கைக்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. வயர்கார்ட் என்னும் வி.பி.என். முறை 2020 மார்ச்சில் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. சில ரவுட்டர்களிலும் அது அமைந்திருக்கிறது. வழக்கமாக 51820 என்னும் ஒரே கதவை, யூ.டி.பி. முறையில், அது உபயோகிக்கிறது. சரியான திறவுகோல் இல்லாமல் எவர் தட்டினாலும் மறுப்புக்கூடச் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும். தங்கையின் கணினியில் திறவுகோலைப் போட்டுவிட்டால், அவர் ரொறன்ரோவில் இருந்தபடியே இந்த வீட்டுக்குள் இருப்பவர் போல ஆகிவிடுவார். 445 வீட்டுக்குள் மட்டுமே திறந்திருக்கும்.

இதிலும் இரண்டு சிக்கல்கள் நேரும். இரு வீட்டிலும் முகவரிகள் 192.168.1 என்றே தொடங்கினால், எது இந்த வீடு, எது அந்த வீடு என்று கணினிக்குத் தெரியாது. இணைந்தது என்று காட்டும், ஒன்றும் திறக்காது. ஒரு வீட்டு ரவுட்டரில் 192.168.57 போல வேறொன்றுக்கு மாற்றினால் தீர்ந்தது. அடுத்தது, வீட்டு ரவுட்டருக்கே வெளியுலக முகவரி கிடைக்காத நிலை. முகவரிகள் போதாமையால் சில புதிய ஃபைபர் கம்பெனிகளும், தொலைபேசிக் கோபுரம் வழியாக இணையம் தருபவர்களும் பல வீடுகளை ஒரே முகவரியின் பின்னால் வைக்கிறார்கள். ரவுட்டரின் பக்கத்தில் அதன் வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அந்த வீடு இந்த வகை. அங்கே போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை எழுதினாலும் வெளியிலிருந்து ஒருவரும் வந்து சேர முடியாது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இப்படி வீணாகியிருக்கும்! கம்பெனியிடம் கேட்டால் சில சமயம் பணத்துக்குத் தனி முகவரி தருவார்கள். இல்லையேல், டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இரு பக்கமும் வெளிநோக்கிப் பேசி நடுவில் சந்திக்கும்படி செய்கின்றன. அவற்றுக்கு ரவுட்டரில் கதவு எதையும் திறக்கவேண்டியதில்லை.

வெளியிலிருந்து வேலை செய்கிறதா என்று வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதித்தால் விடை பிழையாகலாம். தன் வெளி முகவரிக்குத் தானே திரும்பி வர மறுக்கும் ரவுட்டர்கள் உண்டு. கைத்தொலைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, தொலைபேசிக் கம்பெனியின் இணையத்தில் சோதிப்பதே சரி. அதே வேளையில் ரவுட்டரில் யூ.பி.என்.பி. என்னும் பகுதியையும் ஒரு முறை திறந்து பார்க்கலாம். வீட்டுக்குள் உள்ள கருவிகள் கேட்டவுடன், ஒருவருக்கும் சொல்லாமல் ரவுட்டர் கதவுகளைத் திறந்து கொடுக்கும் ஏற்பாடு அது. பட்டியலில் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி இருந்தால் ஆச்சரியமில்லை. சேமிப்புப் பெட்டியின் பெயர் அங்கே இருந்தால் உடனே நீக்கிவிட்டு, அந்தப் பெட்டியின் அமைப்பிலும் இந்த வசதியை அணைக்க வேண்டும்.

பாட்டனாரின் குரல் உள்ள கோப்புகளை மாதம் ஒரு முறை வேறொரு வட்டில் பிரதி எடுத்து, வட்டைக் கழற்றி அலமாரிக்கு வெளியே, இயன்றால் வேறொரு வீட்டில், வைக்கலாம். கழற்றி வைத்த வட்டுக்குப் போர்ட் இல்லை.